நிமிடத்துக்குத் தொண்ணூறு முறை

ஜூன் 6, 2023, செவ்வாய்

திண்டுக்கல் லேத் பட்டறை உரிமையாளர் சவரிமுத்துவின் காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்த்துக் கோவை நிறுவனம் ஒன்று சென்னை காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேப மனு கொடுத்திருக்கிறது. அதில் முதல் சான்றாக இணைக்கப்பட்டிருப்பது நான் எழுதிய கட்டுரை. தகவல்: சவரிமுத்துவின் காப்புரிமை முகவர் தஸ்லிமா, மதுரை. மனுவின் நகலை இன்று காலை 10.40க்கு மின்னஞ்சலில் அனுப்பினார். மொத்தம் 44 பக்கம். என் கட்டுரை 17ஆம் பக்கத்தில்.

சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் நறுக்கும் இயந்திரம் அது. மண்டிகளில் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் செய்கிற வேலை. எந்திரத்தில் போட்டால் வெங்காயம் இஷ்டத்துக்குப் புரளும். தாள் எந்தப் பக்கம் என்று எந்திரத்துக்குத் தெரியாது. சவரிமுத்து கண்டுபிடித்தது இதற்கான வழி. ஓட்டை போட்ட தட்டின் கீழிருந்து காற்றை விட்டு விட்டு அடித்தால் வெங்காயம் தானாக நிமிர்ந்து தாள் மேலே நிற்கும். உருளைகள் பிடித்து நறுக்கிவிடும். காற்றைத் தொடர்ந்து அடித்தால் பம்பரமாகச் சுற்றும். நிமிடத்துக்குத் தொண்ணூறு முறை விட்டு விட்டு அடிக்க வேண்டும்.

இதை 2020 ஜனவரி 12, ஞாயிறு இணைப்பு, மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது ஜனவரி 27. விண்ணப்பத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்ட ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. பதினைந்து நாள் முன்பே தெரிந்துவிட்டது என்பதுதான் கோவைக்காரர்களின் வாதம்.

அவர் சொன்னார், நான் எழுதினேன். செய்தியில் பிழை எதுவும் இல்லை.

தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தது இன்னும் வரவில்லை. நாளை என்கிறான் மெக்கானிக்.

ஜூன் 7, புதன்

கட்டுரையை மறுபடி படித்தேன். நல்ல கட்டுரை.

ஜூன் 10, சனி

நாகல்நகரில் சவரிமுத்துவின் பட்டறைக்குப் போனேன். மூன்றரை வருடத்தில் நான் போவது இது இரண்டாம் முறை. சுவரில் என் கட்டுரையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. மேலே மாதா படம்.

ஃபிட்டர் ரபீக் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தினார். ஐம்பது வயதிருக்கும். “அண்ணே, அழுத்தமூட்டப்பட்ட காற்று வந்திருக்கு!”

எனக்குப் புரியவில்லை. சவரிமுத்துவின் மனைவி பிலோமினா சிரித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“கோவிச்சுக்காதீக சார். உங்க பேப்பர்ல இவுக பேசுன மாதிரி போட்டிருந்தீகள்ல, ‘அழுத்தமூட்டப்பட்ட காற்றை இடைவெளி விட்டுச் செலுத்தினால்’னு. அதப் படிச்சதுலருந்து இந்தப் பட்டறையில அதான் பேச்சு. கரண்டு போனா அழுத்தமூட்டப்பட்ட காத்து போச்சும்பாக. இவுக ஜென்மத்துல அப்பிடிப் பேசுனதில்ல.”

“பேப்பர்ல கொஞ்சம் நல்ல தமிழ்ல போடுறது வழக்கம்” என்றேன்.

சவரிமுத்து கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். இளைத்திருக்கிறார். கரூரில் ஒரு நிறுவனம் அவருடைய இயந்திரத்தைச் செய்து விற்க ஒப்பந்தம் போடத் தயாராக இருக்கிறது; காப்புரிமை எண் வந்தால்தான் கையெழுத்து என்று இரண்டு வருடமாகச் சொல்கிறது. இதற்கிடையில் கோவைக்காரர்களின் இயந்திரம் ஒட்டன்சத்திரம் வரை வந்துவிட்டது.

“வெங்காயப்பேட்டையில போன வாரம் ஒரு மண்டிக்காரர் கேக்குறாரு சார், ‘ஏப்பா, கோயம்புத்தூர்க்காரன் மெஷினப் பாத்துத்தான் நீ செஞ்சியாமே?’ன்னு. என்ன சொல்றது? மனு போட்டப்புறம் அவரு மண்டியிலதான் மொத மெஷின ஓட்டிப் பாத்தேன். அப்ப அவரு பக்கத்துல நின்னு பாத்தவரு.”

“அன்னைக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இது வந்திருக்குமா?” என்றார் பிலோமினா. இப்போது சிரிப்பில்லை. “யாருகிட்டயும் சொல்லாதீக, மனு போடுற வரைக்கும் மூச்சு விடாதீகன்னு அந்த வக்கீலம்மா படிச்சுப் படிச்சு சொல்லுச்சு. பேப்பர்க்காரக வந்ததும் எல்லாத்தயும் கொட்டியாச்சு. மூணு வருசமா நானும் இதத்தான் கேக்குறேன், பதில் இல்ல.”

“சொன்னேனான்னு நெனப்பில்ல சார்” என்றார் சவரிமுத்து. “அந்தக் காத்து சமாச்சாரம் வேணாம்னு உங்ககிட்ட சொன்ன மாதிரி ஒரு நெனப்பு. அப்புறம் டீ குடிக்கிறப்ப உளறிட்டேன் போல. பேப்பர்ல நான் சொன்னதா போட்டிருக்குல்ல, சொல்லித்தான் இருப்பேன்.”

நான் டீயைக் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

ஜூன் 14, புதன்

மதுரை. தஸ்லிமாவின் அலுவலகம், மாடியில் ஒரே அறை. முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். நேராகப் பேசுகிறார்.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு என்றார். விண்ணப்பதாரரிடமிருந்து கிடைத்த விஷயம் அவர் சம்மதமில்லாமல் வெளியாகியிருந்து, அது தெரிந்ததும் அவர் தாமதிக்காமல் விண்ணப்பித்திருந்தால், அந்த வெளியீட்டைக் காட்டிக் காப்புரிமையை மறுக்க முடியாது.

“அவர் அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானமே எனக்கு போன் பண்ணிட்டார் சார். பிப்ரவரியில போடுறதா இருந்த மனுவ அவசரமா ஜனவரியிலயே போட்டோம். அதனால தாமதம் பிரச்சினை இல்ல. சம்மதம்தான் பிரச்சினை. நான் சொல்லலைன்னு சத்தியம் பண்ண அவரால முடியல. அவருக்கே சந்தேகமா இருக்கு. உங்க கட்டுரையில மேற்கோள் குறிக்குள்ள அவர் பேசுறாரு, நிமிஷத்துக்குத் தொண்ணூறு முறைன்னு. அப்ப அவராவே மனசார சொன்னதுன்னுதான எடுத்துக்குவாங்க?”

“ஆமாம்” என்றேன்.

“அவர் சொன்னாரா சார்?”

“மூன்றரை வருஷம் ஆச்சும்மா. குறிப்பேட்டைப் பாத்துச் சொல்றேன்.”

அவர் சொல்லவில்லை என்றால் அதை நான் பிரமாணப் பத்திரமாக எழுதித் தர வேண்டுமாம். பதில் கொடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 28.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றே வந்தேன்.

ஜூன் 19, திங்கள்

மதுரைப் பதிப்பின் செய்தி ஆசிரியர் ரெங்கராஜ் போன். அறிவுசார் சொத்துரிமை பற்றி எட்டுப் பக்க விழிப்புணர்வுச் சிறப்பிதழ், ஆகஸ்ட் 13 வெளியீடு. முதல் பக்கக் கட்டுரை நான் எழுத வேண்டும்.

“நம்ம மாவட்டங்கள்ல இத ஒழுங்கா எழுத உங்கள விட்டா ஆள் இல்லண்ணே. ஒரு புள்ளிகூட தப்பா இருக்காது.”

சரி என்றேன்.

மோட்டார் வந்துவிட்டது. சத்தம் அதிகமாக இருக்கிறது.

ஜூன் 25, ஞாயிறு

பழைய குறிப்பேடுகள் மூன்று பெட்டி. 2020 ஜனவரி கிடைத்துவிட்டது. நான் போனது ஜனவரி 7, செவ்வாய். ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னவற்றை அவர் பேச்சிலேயே எழுதி, ஓரத்தில் ‘ச’ என்று போட்டிருக்கிறேன். அது என் பழக்கம். நான்காம் பக்கத்தின் கீழே, ஓரத்தில் எதுவும் போடாமல், ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்துக் கட்டியிருக்கிறது. எண்ணினேன். பதினெட்டுக் கட்டு. பக்கத்தில் ‘90/நி’ என்று இருக்கிறது. என் கையெழுத்து.

‘ச’ போட மறந்திருக்கலாம்.

ஜூலை 3, திங்கள்

மதுரை அலுவலகம். தஸ்லிமா பிரமாணப் பத்திரம் கேட்பதை ரெங்கராஜிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, நம்ம பேப்பர்ல வந்த மேற்கோள் அவர் சொன்னதில்லன்னு நீங்களே சத்தியம் பண்ணுவீங்களா? நாளைக்கு ஒவ்வொரு எம்.எல்.ஏவும் அந்தப் பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வந்து, ‘பாருங்க, இவங்க இப்படித்தான், நானும் சொல்லல’ம்பான். கோர்ட்டுல நம்ம மேல இருக்கிற ஏழு அவதூறு வழக்குல நாலு உங்க மேற்கோள வச்சு நிக்குது.”

“அவர் சொல்லலைன்னு நான் இன்னும் சொல்லலையே.”

“அப்ப சொன்னாருன்னு விட்டுருங்க. முடிஞ்சது.” பிறகு குரலை இறக்கினார். “செப்டம்பர் முப்பதோட உங்க ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்கச் சொல்லி நான் எழுதிட்டேன். சிறப்பிதழ் நல்லா வந்தா மேல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

வெளியே வரும்போது விளம்பரப் பிரிவில் சிறப்பிதழின் மாதிரிப் பக்கங்கள் சுவரில் ஒட்டியிருந்தன. கடைசிப் பக்கம் முழுவதும் அந்தக் கோவை நிறுவனத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஜூலை 9, ஞாயிறு

சிறப்பிதழ் வேலை. எங்கள் பதிப்பில் கடந்த ஓராண்டில் இந்தத் துறையில் வந்த செய்திகளை எண்ணினேன். மொத்தம் 52. சினிமாக் கதை, பாட்டு, தலைப்புச் சண்டை 33. புவிசார் குறியீடு 11. போலிப் பொருள் பறிமுதல் 6. ‘காப்புரிமை பெற்றுச் சாதனை’ 2. இந்த இரண்டில் ஒருவர் கல்லூரி மாணவி, ஒருவர் பேராசிரியர். விசாரித்தேன். இருவருக்கும் காப்புரிமை கிடைக்கவில்லை. விண்ணப்பம் அலுவலக இதழில் வெளியாகியிருக்கிறது, அவ்வளவுதான். விண்ணப்பித்த எல்லோருடையதும் பதினெட்டு மாதத்தில் அப்படி வெளியாகும். மாணவிக்கு ஊர்வலம் வைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியையும் நாங்கள்தான் போட்டோம்.

விண்ணப்பிக்கும் முன் வெளியே சொன்னால் உரிமை போய்விடும் என்று 52இல் ஒன்றில்கூட இல்லை. யார் எழுதுவார்கள்? எழுதினால் நாளைக்கு எவன் வாயைத் திறப்பான்?

கட்டுரையின் மூன்றாம் பத்தியில் எழுதினேன்: ‘விண்ணப்பம் பதிவாகும் வரை உங்கள் கண்டுபிடிப்பின் உள்விவரத்தை யாரிடமும், குறிப்பாகச் செய்தியாளரிடம், சொல்லாதீர்கள்.’

ஜூலை 16, ஞாயிறு

மற்றவர்களிடம் தேதி, இடம், நேரம் கேட்டு எழுதுகிறவன். எனக்கும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

2020 ஜனவரி 7, காலை 11 மணி முதல் 12.45 வரை. சவரிமுத்து இயந்திரத்தைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார். தட்டு, உருளை, கத்தி. காற்றுக் குழாயிடம் வந்ததும் நிறுத்தினார். “இந்தக் காத்து சமாச்சாரம் மட்டும் வேணாம் சார். அடுத்த மாசம் மனு போட்டுர்றோம். அப்புறம் நானே கூப்பிட்டுச் சொல்றேன்.” சரி என்றேன். பிறகு அவருக்குப் போன் வந்தது, வாசலுக்குப் போனார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மேல் கையை வைத்தேன். துடித்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். சந்தேகமாக இருந்ததால் மறுபடி ஒரு நிமிடம். இரண்டு முறையும் தொண்ணூறு.

எழுதும் எண்ணம் அப்போது இல்லை. எண்ணாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவே.

ஜனவரி 10, வெள்ளி மாலை ரெங்கராஜ் கூப்பிட்டார். “கட்டுரை நல்லாருக்குண்ணே, ஆனா மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னே இல்லையே? ஓட்டையா நிக்குது. வேற பேப்பர்க்காரனும் அங்க போயிருக்கானாம்.” இரண்டு வாக்கியம் சேர்த்து அனுப்பினேன். நான் பார்த்ததாக எழுத முடியாது. மாவட்டச் செய்தியாளனுக்கு ‘நான்’ கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள்: நீ பார்த்ததை யார் கேட்டார்கள், சம்பந்தப்பட்டவர் சொன்னதாக எழுது. அதனால் அந்த இரண்டு வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, இறுதியில் ‘என்கிறார் சவரிமுத்து’ என்று முடித்தேன்.

எண்ணில் பிழை இல்லை.

ஜூலை 17, திங்கள்

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

ஜூலை 28, வெள்ளி

பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லவில்லை, நானாகப் பார்த்து எழுதினேன், வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் எழுதினேன், அப்படியே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். நான்கு வாக்கியம். வழியில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

சவரிமுத்து சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் லேத்தை நிறுத்தினார்.

“அப்ப நான் சொல்லலைன்னு மூணு வருசமா உங்களுக்குத் தெரியும்.”

“ம்.”

“போன மாசம் இதே இடத்துல உக்காந்து டீ குடிச்சீங்க. சொல்லித்தான் இருப்பேன்னு நான் பொலம்புனேன். கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க?”

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

“எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு சார். பைத்தியம் மாதிரி அந்த நாள் பூரா நெனச்சு நெனச்சுப் பாப்பேன், எங்க சொன்னேன், எப்ப சொன்னேன்னு. பேப்பர் பொய் சொல்லுமா, நம்மதான் மறந்துட்டோம்னு இருந்தேன். இவ என்னையப் பேசாத பேச்சில்ல.”

பிலோமினா வாசற்படியில் நின்றிருந்தார். கையில் சாப்பாட்டு வாளி. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கணவரைப் பார்த்து, “சாப்பிட வாங்க” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ரபீக் என்னுடன் வாசல் வரை வந்தார். “கையெழுத்து மட்டும் மறக்காம போட்டுருங்க சார்” என்றார். “எங்க முதலாளி சொன்னாருன்னு எதையும் நீங்களா போட்டுக்காதீங்க.”

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சிறப்பிதழ் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் என் பெயர், என் படம். மூன்றாம் பத்தியில் ‘குறிப்பாகச் செய்தியாளரிடம்’ இல்லை. அந்த வாக்கியமே இல்லை. அந்த இடத்தில், ‘கண்டுபிடிப்பாளர்கள் தங்கள் சாதனைகளை ஊடகங்கள் வழியே உலகறியச் செய்ய வேண்டும்’ என்று இருக்கிறது. நான் எழுதாத வாக்கியம், என் பெயரில்.

ரெங்கராஜிடம் கேட்டேன். “டெஸ்க்ல மாத்தியிருப்பாங்கண்ணே. நல்லாத்தான இருக்கு?”

ஐந்தாம் பக்கத்தில் கோவை நிறுவனம் பற்றி அரைப் பக்கம். விளம்பரக் கட்டுரை என்று எங்கும் குறிப்பு இல்லை. ‘நாட்டிலேயே முதல் சின்ன வெங்காய நறுக்கு இயந்திரம்’ என்று தலைப்பு. நிர்வாக இயக்குநர் பேசுகிறார். மேற்கோள் குறிக்குள், அழுத்தமூட்டப்பட்ட காற்று என்கிறார்.

வெங்காயப்பேட்டையில் இன்று எல்லாக் கடையிலும் இந்த இதழ்தான் கிடந்தது. இலவச இணைப்பு.

ஆகஸ்ட் 17, வியாழன்

நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். மூன்று பக்கம். குறிப்பேட்டின் நான்காம் பக்க நகல் இணைப்பு. நோட்டரி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் அந்த கோமதிநாயகமா? உங்க பத்தியெல்லாம் விடாம படிப்பேன் சார்” என்றார். பிறகு முத்திரை குத்தினார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பதில் தாக்கலானது. கெடுவுக்கு நான்கு நாள் முன்பு. தகவல்: தஸ்லிமா, பிற்பகல் 3.15. ரசீது எண் அனுப்பினார்.

இரவு உலகம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். முப்பத்து நான்கு வருடம் என்னோடு இருக்கிறவள். தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னதா ஊருக்குள்ள நீங்க என்னென்ன சொல்லி வச்சிருக்கீங்களோ” என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 13, புதன்

கோவை நிறுவனம் மறுப்புத் தாக்கல் செய்துள்ளது. தகவல்: தஸ்லிமா. செய்தியாளர் விண்ணப்பதாரர் மீதான அனுதாபத்தில் பொய் சொல்கிறார், மூத்த செய்தியாளர் ஒருவர் மேற்கோளைப் புனைந்தார் என்பது நம்பத்தக்கதல்ல என்கிறது. ஆதாரமாக நான் பல வருடங்களில் எழுதிய பன்னிரண்டு கட்டுரைகளை இணைத்து, இவற்றில் உள்ள மேற்கோள்களும் புனையப்பட்டவையா என்று கேட்கிறது.

தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல ரசனை. பன்னிரண்டும் என் நல்ல கட்டுரைகள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

பன்னிரண்டையும் குறிப்பேடுகளோடு வைத்துச் சரிபார்த்தேன். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.

நான்கில், சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். மூன்றுக்குக் குறிப்பேடு இல்லை, நினைவும் இல்லை. ஐந்து, நான் எழுதியவை. அவற்றில் நான்கு சாதாரணமானவை: ஒரு கலெக்டர், ஒரு கபடி வீராங்கனை, ஒரு தலைமை ஆசிரியர், ஒரு மீன் வியாபாரி. அவர்கள் சொல்லியிருக்கக்கூடியதை எழுதினேன். யாரும் மறுத்ததில்லை.

ஐந்தாவது 2014. பட்டாசு ஆலை விபத்தில் கணவனை இழந்த வீரலட்சுமி. ‘அவர் கையில் இருந்த மருந்து வாசனை போகவே போகாது, இப்போது அந்தக் கையே இல்லை.’ இது எட்டுப் பத்தி அகலத் தலைப்பாக வந்தது. சங்கத்துக்காரர்கள் சுவரொட்டி அடித்தார்கள். விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்தில் அதிகாரி இதை எடுத்துப் போட்டிருந்தார்.

வீரலட்சுமி அன்று வாயே திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குறிப்பேட்டில் அந்தப் பக்கம் காலி.

அடுத்த வருடம் நினைவுக் கூட்டத்தில் அவர் மேடையேறிப் பேசினார். அந்த வரியை அப்படியே சொன்னார், அவருடையதாகவே. அழுதார். கூட்டமும் அழுதது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஓரத்தில் ‘வீ’ என்று போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

தஸ்லிமாவிடம் போனில் சொன்னேன். நான்கு உண்மை, நான்கு என்னுடையவை, நான்கு நினைவில்லை என்றேன்.

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, “தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்றார். “நம்ம வழக்குக்கு இது நல்லது. இது உங்க பழக்கம்னு காட்டினா சவரிமுத்து சொல்லலைங்கறது நிக்கும். எவ்வளவு அதிகமா ஒத்துக்குறீங்களோ அவ்வளவு நல்லது. அந்த நினைவில்லாத நாலுல ஏதாவது ஒண்ணு நினைவுக்கு வருமா? அந்தப் பட்டாசு ஆலைக் கட்டுரைய அவங்க ரொம்ப அழுத்தியிருக்காங்க. இத்தனை உருக்கமா இருக்கிறத யாராவது கற்பனையில எழுத முடியுமான்னு கேக்குறாங்க. அது மட்டும் உங்களுதுன்னா அவங்க வாதமே உடைஞ்சுரும்.”

“நினைவில்லம்மா.”

“நினைவில்லன்னே எழுதிடவா?”

“எழுதுங்க.”

செப்டம்பர் 23, சனி

கூடுதல் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். அதே நோட்டரி. இம்முறை வாசிக்கவில்லை, எங்கே முத்திரை என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

சவரிமுத்து போன். “வக்கீலம்மா சொன்னாக சார். உங்களுக்குக் கஷ்டந்தான். ஆனா ஒண்ணு கேக்கணும். எல்லாத்தயும் சொல்லிட்டீங்கள்ல? பாதி சொல்லிப் பாதி விட்டு, அவன் அங்க வந்து புடிச்சுட்டா, என் மெஷின் போயிரும் சார்.”

“சொல்லிட்டேன்” என்றேன்.

“நீங்க சொன்னா சரி” என்றார்.

செப்டம்பர் 30, சனி

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆதாரம்: நிர்வாக அலுவலகக் கடிதம், இரண்டு வரி. ரெங்கராஜ் போன் செய்யவில்லை. அடையாள அட்டையைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பிவிட்டேன்.

இன்றைய பேப்பரில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தி: ‘வெங்காய இயந்திரக் காப்புரிமை: முன்னாள் செய்தியாளர் பல்டி’. யார் எழுதியது என்று பெயர் இல்லை. பிரமாணப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. ‘இதனால் காப்புரிமை கேள்விக்குறியாகியுள்ளது என்கின்றனர் விவரமறிந்தவர்கள்’ என்று முடிகிறது. விவரமறிந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அப்படி யாரும் கிடையாது. நானே நூறு முறை எழுதியிருக்கிறேன்.

மண்டியில் இதைத்தான் படிப்பார்கள்.

அக்டோபர் 1, ஞாயிறு

தஸ்லிமா, காலை 11.20, போன். கோவை நிறுவனம் நேற்று மாலை புதிய மனு கொடுத்திருக்கிறது. என்னை நேரில் விசாரித்து, பன்னிரண்டு கட்டுரைகளைப் பற்றியும் ஒவ்வொன்றாகக் கேட்க அனுமதி வேண்டும் என்கிறது. வீரலட்சுமியை அவர்கள் தேடிப் போயிருப்பதாகவும் கேள்விப்பட்டாராம். அவர் என்ன சொன்னார் என்பது உறுதியாகவில்லை.

“அந்த அம்மா ‘நான்தான் சொன்னேன்’னு சொன்னா நமக்குப் பாதகம்தான் சார், உங்க மேற்கோளெல்லாம் உண்மைன்னு அவங்க காட்டுவாங்க” என்றார் தஸ்லிமா. “சொல்லலைன்னு சொன்னா, நீங்க பத்திரத்துல மறைச்சீங்கன்னு ஆகும். அப்ப நம்ம முதல் பத்திரத்தையும் நம்ப மாட்டாங்க. இப்பவாவது நினைவு வருதா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

குறுக்கு விசாரணைக்கு அனுமதி உண்டா என்பது அக்டோபர் 9, திங்கட்கிழமை தெரியும். பத்திரத்தில் திருத்தம் இருந்தால் அதற்குள் கொடுக்க வேண்டும். விசாரணை அக்டோபர் 12, வியாழன், காலை 11 மணி, காணொலி வழியே. உத்தரவு அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் வருவது வழக்கம்.